தென்னாப்பிரிக்காவில் ஸ்டெடிகேம் ஆபரேட்டராகத் தனித்துத் தொழில் செய்ய: ரிக்கைக் கடைசியில் வாங்குங்கள்

சென்னையில் நான்கு ஆண்டுகள் ஒளிப்பதிவு உதவியாளராக இருந்துவிட்டுத் திருமணத்தின் வழியே டர்பனுக்கு வந்து சேர்ந்த நான், வந்த இரண்டாவது மாதத்திலேயே சேமிப்பு முழுவதையும் கொட்டி ஒரு பழைய ஸ்டெடிகேம் ரிக்கை (நடந்துகொண்டே எடுக்கும்போது கேமரா குலுங்காமலிருக்க உடம்பில் அணியும் கருவித்தொகுதி) வாங்கினேன். அது டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் மாமனார் வீட்டுக் கராஜில் பதினான்கு மாதங்கள் போர்வை போர்த்தியபடி நின்றது. கருவி இருந்ததே தவிர, இந்த நாட்டில் சம்பாதிக்கும் உரிமையோ, வரி எண்ணோ, காப்பீடோ, என் பெயரை அறிந்த ஒரே ஓர் ஒளிப்பதிவாளரோ அப்போது எனக்கு இல்லை. நான் தலைகீழாகச் செய்தவற்றை நேர்வரிசையில் கீழே எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ புதிதாக வந்திருப்பவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். இங்கேயே பிறந்தவர்கள் முதல் படியைத் தாண்டிச் செல்லலாம்.

1. முதலில் வேலை செய்யும் உரிமை

சுற்றுலா விசாவில் இருந்துகொண்டு ஒரு நாள் கூலிக்குக்கூட கேமராவைத் தூக்கக் கூடாது. திருமணத்தால் வந்தவர்கள் அதிகம் தடுமாறுவது உறவினர் விசாவில்தான். குடிவரவுச் சட்டத்தின் 18ஆம் பிரிவின் கீழ் தரப்படும் அந்த விசா, இங்கே குடும்பத்துடன் தங்குவதற்கு மட்டுமே. அதை வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியாது. தென்னாப்பிரிக்கக் குடிமகனையோ நிரந்தர வசிப்புரிமை உள்ளவரையோ மணந்தவர் வேலையும் செய்ய விரும்பினால், 11(6) பிரிவின் கீழ் விண்ணப்பித்து, வேலை செய்வதற்கான அனுமதிக் குறிப்பையும் விசாவில் பெற வேண்டும். எனக்கு ஆலோசனை சொன்ன முகவர் இந்த வேறுபாட்டைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் விசாவில் இருந்த ஒற்றை வரியை நான் சரியாகப் படித்ததே மூன்று மாதம் கழித்துத்தான்.

அனுமதிக் குறிப்பு கிடைத்த பிறகும் அதைச் சொல் சொல்லாகப் படியுங்கள். அதில் ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் பெயர் எழுதப்பட்டிருந்தால், அந்த நிறுவனத்தில்தான் வேலை செய்யலாம். இன்று ஒருவருக்கும் நாளை மற்றொருவருக்கும் உழைக்கும் நம் தொழிலுக்கு அது போதாது. விண்ணப்பிக்கும்போதே தனித்தொழில் செய்யப்போவதைச் சொல்லி, குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேர ஆலோசனைக்குப் பணம் கொடுப்பது வீண்செலவு அல்ல.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் கிளம்பும் முன்பே திருமணச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் முத்திரை (ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்கச் செய்யும் அரசுச் சான்று) பெற்றுவிடுங்கள். சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் உறுதிமொழி பெற்ற மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில ஆக்கமும் தேவைப்படும். 18 வயதுக்குப் பிறகு ஓராண்டோ அதற்கு மேலோ வாழ்ந்த நாடுகளிலிருந்து காவல்துறைச் சான்றிதழ் கேட்பார்கள். வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் இதை மறந்துவிட்டுப் பின்னர் அல்லாடுவதைப் பார்த்திருக்கிறேன். காவல்துறைச் சான்றிதழும் மருத்துவச் சான்றிதழும் ஆறு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது என்பதால், முதலில் எடுத்த காகிதம் கடைசிக் காகிதம் வருவதற்குள் காலாவதியாகிவிடும். ஆகவே மெதுவாக வரக்கூடியதற்கு முதலில் விண்ணப்பித்துவிட்டு, இரண்டு நாளில் கிடைத்துவிடும் மருத்துவச் சான்றிதழைக் கடைசியில் எடுங்கள்.

2. முகவரிச் சான்று, வங்கிக் கணக்கு, வரி எண்

வங்கியும் வரித்துறையான சார்ஸும் முகவரிச் சான்று கேட்கும். மின்கட்டண ரசீதோ மாமனார் பெயரில் இருக்கும். அவருடன் காவல் நிலையத்துக்குச் சென்று, நீங்கள் அவர் வீட்டில் வசிப்பதாக ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி முத்திரை வாங்குங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. பாஸ்போர்ட் நகலுக்கும் அங்கேயே சான்றொப்பம் இடுவார்கள். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட சான்றொப்பத்தைப் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள் என்பதால் மொத்தமாக எடுத்து அடுக்கி வைப்பதில் பயனில்லை.

தனி நபராகத் தொழில் செய்ய நிறுவனம் எதையும் பதிவு செய்யத் தேவையில்லை. உங்கள் பெயரிலேயே இன்வாய்ஸ் கொடுக்கலாம். நிறுவனம் பதிவு செய்ய 175 ராண்ட்தான் ஆகும் என்பதால் பலர் ஆசையுடன் பதிவு செய்துவிட்டு, ஆண்டுதோறும் தாக்கல் செய்ய வேண்டிய அறிக்கையை மறந்துவிடுகிறார்கள். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு அது வேண்டாம் என்பதே என் கருத்து.

3. உடம்பும் நடையும்

கேமரா, அதைத் தாங்கும் தூணான ஸ்லெட், ஸ்பிரிங் உள்ள ஆர்ம், உடம்பில் அணியும் வெஸ்ட் எல்லாம் சேர்ந்தால் இருபது முதல் முப்பது கிலோ வரை உங்கள் இடுப்பில் தொங்கும். பயிற்சிக்குச் சொந்த ரிக் தேவையில்லை. வாடகைக் கிடங்குகளில் வேலை குறைவான நாட்களில் கேட்டால், கிடங்குக்குள்ளேயே பழகுவதற்கு இடம் கொடுப்பவர்கள் உண்டு. நான் ஒரு கிடங்கில் கேபிள் சுற்றிக் கொடுத்து அந்த உரிமையைப் பெற்றேன்.

சுவரில் டேப்பால் ஒரு சிலுவைக் குறி ஒட்டிவிட்டு, தரையில் நேர்க்கோடு போட்டு, அந்தக் குறி மானிட்டரின் நடுவிலிருந்து விலகாமல் முன்னும் பின்னும் நடப்பதே எல்லாருக்கும் முதல் பாடம். அலுப்பூட்டும் பயிற்சிதான், ஆனால் நாளுக்கு அரை மணி வீதம் இரண்டு மாதம் இதைச் செய்யாதவரின் கிடைமட்டம், படியேறும் ஷாட்டில் சாய்ந்து காட்டிக்கொடுத்துவிடும். வெஸ்ட்டில் ஆர்ம் மாட்டும் சாக்கெட்டைச் சரியாகத் திருகி வைத்தால், நிமிர்ந்து நிற்கும்போது ரிக் உங்களை விட்டு விலகி ஓடாது. கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியிருந்தால் சரி செய்ய வேண்டியது திருகைத்தான். உங்கள் வலிமையில் குறை ஒன்றும் இல்லை. முதுகு வலிப்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஆபரேட்டர்களைப் பின்பற்றாதீர்கள்.

தைப்பூசக் காவடியின்போது கோவில் நிர்வாகத்திடம் அனுமதி வாங்கி, ஊர்வலத்துக்கு முன்னால் பின்னோக்கி நடந்து எடுத்துப் பழகினேன். பிப்ரவரி வெயிலில், செருப்பில்லாத காலுடன், தார்ச்சாலையில், கூட்டம் நெருக்க நடந்து பழகியவருக்குப் படப்பிடிப்புத் தளத்தின் சமதளம் மெத்தை போல் இருக்கும். உங்கள் முதுகுக்குப் பின்னால் வழிகாட்டி நடக்க, இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொள்ளும் ஒருவர் கட்டாயம் வேண்டும். என் மைத்துனன் அந்த வேலையைச் செய்தான். தீமிதிக்கு மட்டும் ரிக்குடன் போகாதீர்கள். குழிக்கு அருகில் அடிக்கும் அனலும் நெரிசலும், கழற்ற அரை நிமிடம் ஆகும் ஒரு வெஸ்ட்டை அணிந்துகொண்டு நிற்கத்தக்கவை அல்ல.

4. எந்த ஊரில் என்ன வேலை

டர்பனில் வருமானத்தின் அடித்தளம் ஞாயிற்றுக்கிழமைத் திருமணங்களும், தொலைக்காட்சித் தொடர்களும், நிறுவனங்களின் நிகழ்ச்சிகளும்தான். ஜோகன்னஸ்பர்க்கில் தொலைக்காட்சியும் மேடை நிகழ்ச்சிகளும் அதிகம். வெளிநாட்டு விளம்பரப் படங்கள் பெரும்பாலும் கேப்டவுனுக்கே வருகின்றன. ஐரோப்பாவில் குளிர்காலமாக இருக்கும்போது இங்கே வெயில் இருப்பதால், அக்டோபர் முதல் ஏப்ரல் வரை அங்கே பருவம். டர்பனில் குடும்பத்தை வைத்துக்கொண்டு கேப்டவுன் பருவத்துக்குப் போய் வருவது முடியும். ஆனால் விமானக் கட்டணத்தையும் தங்கும் செலவையும் யார் தருவார்கள் என்பதை முன்பே பேசாவிட்டால், உள்ளூர் ஆளாகக் கணக்கிட்டு ஒன்றும் தர மாட்டார்கள்.

ஜூலையில் டர்பனில் நடக்கும் திரைப்பட விழாவையும், அதையொட்டி நடக்கும் திரைப்படச் சந்தையையும் தவறவிடாதீர்கள். ஆனால் அங்கே தயாரிப்பாளர்களைத் தேடிப் போவதைவிட, படப்பிடிப்பில் லென்ஸின் ஃபோகஸைக் கவனிக்கும் ஃபோகஸ் புல்லர்களைத் தேடுங்கள். ஒளிப்பதிவாளர் ஒருவர், “ஸ்டெடிகேமுக்கு யார்?” என்று முதலில் கேட்பது தன் ஃபோகஸ் புல்லரிடம்தான். எனக்குக் கிடைத்த முதல் ஐந்து வேலைகளில் நான்கு அப்படி வந்தவை.

நீங்கள் எடுத்த ஷாட்களின் மாதிரித் தொகுப்பான ஷோரீல் இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வெட்டி ஒட்டிய இசைத்தொகுப்பு ஒளிப்பதிவாளர்களுக்குப் பயன்படாது. வெட்டு இல்லாத நாற்பது வினாடி ஷாட் ஒன்றில், நீங்கள் நகர்வதையும் நிற்பதையும் முழுதாகப் பார்க்க விரும்புவார்கள். நகர்வதைவிட நிற்பது கடினம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

5. கிம்பல் முதலில், ரிக் பிறகு

மோட்டாரால் கேமராவை நிலைப்படுத்தும், கைக்கு அடக்கமான கிம்பல் ஒன்றை முதலில் வாங்குவதில் தவறில்லை. திருமணங்களுக்கும் சிறு விளம்பரங்களுக்கும் அது போதும். ஆனால் அதன் எல்லையை அறிந்திருங்கள். டிஜெஐ ஆர்எஸ் 4 ப்ரோ தாங்கும் எடை 4.5 கிலோ. சினிமா கேமராவான ஆரி அலெக்ஸா 35இன் உடல் மட்டுமே ஏறத்தாழ 2.9 கிலோ, லென்ஸ், மேட் பாக்ஸ் (லென்ஸின் முன் மாட்டும் ஒளித்தடுப்பு), ஃபோகஸ் மோட்டார், வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டர் எல்லாம் ஏறினால் ஏழெட்டுக் கிலோவை எளிதில் தொட்டுவிடும். “கிம்பல் இருக்கிறது, வருகிறேன்” என்று கேமராவின் பெயரைக் கேட்காமலே ஒப்புக்கொள்பவர்கள் தளத்தில்தான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

ஸ்டெடிகேம் ரிக்கைப் பழையதாக வாங்குவதே நல்லது. நன்றாகப் பராமரித்த ஆர்ம் பல ஆண்டுகள் உழைக்கும். விற்பவர் வீட்டுக்கு நேரில் செல்லுங்கள், கேமரா ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். வெஸ்ட்டை அணிந்து இருபது நிமிடமாவது நில்லுங்கள். இடுப்பு எலும்பில் உட்காராமல் தோளில் தொங்கும் வெஸ்ட், எவ்வளவு மலிவாக இருந்தாலும் உங்களுக்கு உரியது அல்ல. ஆர்மை மேலும் கீழும் மெதுவாக நகர்த்தி, ஸ்பிரிங்கில் உரசல் சத்தம் கேட்கிறதா, எங்காவது சிக்கி விடுபடுகிறதா என்று பாருங்கள். ஸ்லெட்டைச் சமநிலைப்படுத்திப் படுக்கையாகப் பிடித்து விட்டால், அது செங்குத்து நிலைக்கு வர இரண்டிலிருந்து மூன்று வினாடி எடுப்பதே வழக்கமான அளவு. பின்பு ஸ்லெட்டைச் சுழற்றிவிடுங்கள். பம்பரம் போல் நேராகச் சுழலாமல் தலையாட்டினால் முதலில் சமநிலையைத் திருத்துங்கள், திருத்திய பிறகும் ஆடினால் தூண் வளைந்திருக்கக் கூடும். ஸ்லெட்டும் ஆர்மும் சேரும் இடத்திலுள்ள கிம்பல் பேரிங்கை ஒரே விரலால் தள்ளி, அது எங்கும் தயங்குகிறதா என்று உணர்ந்து பாருங்கள்.

இவற்றையெல்லாம் நான் சரியாகவே பார்த்தேன். பார்க்கத் தவறியது மின்சாரத்தை. என் ரிக் பழைய 12 வோல்ட் வயரிங் கொண்டது. அலெக்ஸா மினிக்கு அது போதும்; அலெக்ஸா 35க்கோ 20 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். முதல் பெரிய வேலையன்று காலை ஆறு மணிக்கு, கேமரா உயிர்பெறாமல் இருக்க, நாற்பது பேர் காப்பிக் கோப்பையுடன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றதை நான் விவரிக்கப்போவதில்லை. ரிக்கை 24 வோல்ட்டுக்கு மாற்ற ஆகும் செலவை, விலை பேசும்போதே கழித்துப் பேசுங்கள். மானிட்டரையும் வெளியே வெயிலில் எடுத்துவந்து பாருங்கள். அறைக்குள் பளிச்சென்று தெரிவது டர்பன் கடற்கரையில் கறுப்புக் கண்ணாடியாகிவிடும்.

வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இறக்குமதி மதிப்புக்கூட்டு வரி 15 சதவீதம் என்று எல்லாருக்கும் தெரியும். அது பொருளின் விலையின் மீது கணக்கிடப்படுவதில்லை. சுங்க மதிப்புடன் அதில் பத்து சதவீதத்தைக் கூட்டி, சுங்கத் தீர்வை இருந்தால் அதையும் சேர்த்து, அந்தத் தொகையின் மீதே 15 சதவீதம் போடுவார்கள். தீர்வையே இல்லாத 1,00,000 ராண்ட் பொருளுக்குக்கூட 16,500 ராண்ட் வரி வரும். கூரியர் நிறுவனத்தின் கையாளும் கட்டணம் இதற்கு மேல்.

6. காப்பீடு: இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள்

வீட்டுக் காப்பீட்டில் “கேமரா” என்று சேர்த்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். தொழிலுக்குப் பயன்படுத்திய கருவியை அவை பொதுவாக விலக்கிவிடும். கருவிகளின் வரிசை எண்களைக் குறிப்பிட்டு, தொழில் பயன்பாட்டுக்கான முழு ஆபத்துக் காப்பீடு எடுங்கள். அதனுடன் பொதுப் பொறுப்புக் காப்பீடும் சேர்த்துக்கொண்டால், உங்கள் ரிக் நடிகர் மீது மோதினால் பேச ஓர் ஆதாரம் இருக்கும். ஆனால் வாடகைக் கேமராவுக்கு யார் காப்பீடு என்பதை ஒவ்வொரு வேலையிலும் எழுத்தில் கேளுங்கள்.

இரண்டாவது வரி இந்த நாட்டுக்கே உரியது. கார் ரிமோட்டின் அலைவரிசையைத் தடுத்து, நீங்கள் பூட்டியதாக நம்பிய காரைத் திறந்து திருடுவது இங்கே வழக்கமான சூது. கதவை உடைத்த தடயம் இருந்தால்தான் இழப்பீடு என்று பல ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். பட்டனை அழுத்திய பின் கைப்பிடியை இழுத்துப் பார்க்காமல் காரை விட்டு அகலாதீர்கள். அதைவிட, கருவியைக் காரில் விடாமலிருப்பதே மேல்.

உங்கள் உடம்புக்கும் ஏற்பாடு வேண்டும். சுயேச்சை ஒப்பந்ததாரருக்கு வேலைவிபத்து இழப்பீட்டுச் சட்டமும் வேலையின்மை நிதியும் பொருந்துவதில்லை. முழங்கால் போனால் வருமானமும் போகும். வருமானப் பாதுகாப்புக் காப்பீடு விலை கூடியதுதான். நான் இரண்டு ஆண்டு தள்ளிப்போட்டேன். ஒன்றும் ஆகவில்லை என்பது அதிர்ஷ்டமே.

7. கட்டணமும் காகிதமும்

இன்வாய்ஸில் உழைப்புக்கு ஒரு வரி, ரிக் வாடகைக்கு ஒரு வரி என்று எப்போதும் பிரித்தே எழுதுங்கள். இரண்டையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொன்னால், பேரம் பேசும்போது உங்கள் உழைப்பு ரிக்குக்குள் கரைந்துவிடும். தயாரிப்பு நிறுவனம் வேறு ரிக்கைத் தரும் நாளில் உங்கள் கூலி என்னவென்று உங்களுக்கே தெரியாது.

வேலையை ஒப்புக்கொள்ளும் மின்னஞ்சலில் சில விவரங்கள் எழுத்தில் வந்தாக வேண்டும்: ஒரு நாள் என்பது எத்தனை மணி நேரம், உணவு நேரம் அதற்குள்ளா வெளியேவா, அதற்கு மேல் ஆகும் ஒவ்வொரு மணிக்கும் என்ன கூலி, கருவி தயார்செய்யும் நாளுக்கும் பயண நாளுக்கும் என்ன தொகை, கடைசி நேரத்தில் ரத்து செய்தால் எவ்வளவு, பணம் எத்தனை நாளில் வரும். முப்பது நாள் என்று எழுதிவிட்டு அறுபது நாளில் தருவது அரிதல்ல என்பதால், இரண்டு மாதச் செலவுக்கான பணம் கையில் இல்லாமல் முழுநேரமாக இறங்காதீர்கள். இன்வாய்ஸில் அவர்களது கொள்முதல் ஆணை எண் விடுபட்டிருந்தால், அதைச் சொல்லாமலேயே கிடப்பில் போட்டுவிடுவார்கள். ஒரு நிறுவனத்தில் என் பணம் ஐந்து மாதம் இப்படித் தூங்கியது.

மதிப்புக்கூட்டு வரிக்குப் பதிவு செய்யாதவர் இன்வாய்ஸில் அந்த வரியைச் சேர்க்கக் கூடாது. “டாக்ஸ் இன்வாய்ஸ்” என்று தலைப்பிடவும் கூடாது, வெறும் “இன்வாய்ஸ்” போதும். சில நிறுவனங்கள் உங்களைத் தற்காலிகப் பணியாளராகக் கருதி 25 சதவீதம் வரி பிடித்துக்கொண்டே பணம் தரும். அப்படிப் பிடித்தால், பிடித்த வரியைக் காட்டும் ஐஆர்பி5 சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் கட்டிய வரியைக் கணக்கில் காட்ட முடியாது.

வரியாண்டு மார்ச் 1இல் தொடங்கிப் பிப்ரவரி இறுதியில் முடிகிறது. தனித்தொழில் செய்பவர் முன்கூட்டி வரி செலுத்துபவராகி, ஐஆர்பி6 படிவத்தை ஆகஸ்ட் இறுதிக்குள் ஒருமுறையும் பிப்ரவரி இறுதிக்குள் ஒருமுறையும் தாக்கல் செய்ய வேண்டும். கேப்டவுன் பருவம் உச்சத்தில் இருக்கும் பிப்ரவரியில் இதற்கு நேரமே இருக்காது. ஜனவரியிலேயே கணக்கை முடித்து வையுங்கள். 7,000 ராண்டுக்குக் குறைவான கருவியை வாங்கிய ஆண்டிலேயே முழுச் செலவாகக் கழிக்கலாம். அதற்கு மேற்பட்டதை ஆண்டுதோறும் தேய்மானமாகக் கழிக்க வேண்டும். ஆகவே பேட்டரி, கேபிள் போன்றவற்றின் ரசீதுகளை ஐந்தாண்டு பத்திரப்படுத்துங்கள். வெயில் பட்டால் ரசீதின் எழுத்து மங்கிவிடும்; அன்றே போனில் படமெடுங்கள்.

உறவினர் வீட்டு விசேஷங்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். “நம்ம பிள்ளைதானே” என்று மாமனாரின் ஒன்றுவிட்ட தம்பி கேட்டால் மறுக்க முடியாது. நான் கண்ட வழி: இலவசமாக எடுப்பதானால் கிம்பலுடன் போவேன், ரிக் வேண்டுமென்றால் அதன் வாடகையைக் குறித்த இன்வாய்ஸ் வரும். இதில் யாருக்கும் மனவருத்தம் வந்ததில்லை; சித்தப்பாவுக்கு ரிக்குக்கும் கிம்பலுக்கும் வேறுபாடு தெரியாததும் ஒரு காரணம்.

8. வேலைக்கு முந்தைய கேள்விகள்

ஒளிப்பதிவு உதவியாளரை இரண்டு நாள் முன்பே அழைத்து, கேமரா எது, எத்தனை வோல்ட், லென்ஸ்களின் எடை ஒன்றுபோல் இருக்கிறதா, ஃபோகஸ் மோட்டாரும் டிரான்ஸ்மிட்டரும் யாருடையவை, கேமராவைத் தரைக்கு அருகே தாழ்த்தி எடுக்கும் லோ மோட் ஷாட் உண்டா, படி ஏற வேண்டுமா என்று கேளுங்கள். கடற்கரை அல்லது நகரத் தெருவாக இருந்தால் மாநகராட்சி அனுமதி யார் கையில் இருக்கிறது என்றும் கேளுங்கள். தளத்தில் ரிக்கை ஸ்டாண்டில் மாட்டியதும் மணல்மூட்டை வையுங்கள். “ஒரு நிமிடம்தானே” என்று விட்டுப்போன ரிக் காற்றில் சாய்ந்ததை நான் ஒருமுறை பார்த்தேன். அது என்னுடையது அல்ல.

9. விமானத்திலும் எல்லையிலும்

லித்தியம் பேட்டரிகளைப் பெட்டியில் போட்டு அனுப்ப முடியாது. கையில்தான் கொண்டுபோக வேண்டும். 100 வாட்-மணிக்குக் குறைந்தவற்றுக்கு விமான நிறுவனத்தின் தனி அனுமதி தேவையில்லை. 100 முதல் 160 வரை உள்ளவற்றை, நிறுவனத்தின் அனுமதியுடன் இரண்டு மட்டும் உதிரியாகக் கொண்டுபோகலாம். அதற்கு மேற்பட்டவை பயணிகள் விமானத்தில் ஏறாது. ஆகவே 98 வாட்-மணி பேட்டரிகளாகவே வாங்குங்கள். முனைகளில் டேப் ஒட்டி, எண் தெரியும்படி வையுங்கள்.

மொரிஷியஸ் போன்ற இடங்களுக்கு வேலைக்குப் போனால் ஏடிஏ கார்னே (கருவியைத் தற்காலிகமாக வரியின்றி வெளிநாட்டுக்குக் கொண்டுபோகும் சுங்க ஆவணம்) எடுக்கச் சொல்லுங்கள். அதற்கான செலவையும் பிணைத்தொகையையும் தயாரிப்பு நிறுவனம் ஏற்க வேண்டும். கார்னே இல்லாமல் சொந்த ரிக்குடன் நாட்டை விட்டு வெளியேறினால், புறப்படும் முன் சுங்கத்தில் டிஏ 65 படிவத்தில் வரிசை எண்களுடன் பதிவு செய்து நகலை வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது ரிக்கை அங்கே வாங்கவில்லை என்று காட்ட அந்த நகல் வேண்டும். சுங்க அதிகாரி கருவியை நேரில் பார்த்தே முத்திரையிடுவார் என்பதால், பெட்டிகளை விமான நிறுவனத்திடம் ஒப்படைப்பதற்கு முன்பே அந்த மேசைக்குச் செல்ல வேண்டும். வழக்கத்தைவிட ஒன்றரை மணி நேரம் முன்னதாக விமான நிலையம் போய்ச் சேருங்கள்.